கறுப்பு நெருப்பு, வெள்ளை நெருப்பு

மாடிவீட்டுப் பாட்டியின் வரவேற்பறையில், கிழக்குச் சுவரில், ஒரு காகிதம் தொங்குகிறது. கண்ணாடிச் சட்டத்துக்குள் பழுப்பேறிய தாள். விரித்த செய்தித்தாளில் பாதி அளவு இருக்கும். நடுவில் ஏழு கிளை விளக்கு, மரம்போல வேர்விட்டு நிற்கிறது. அதன் இரு பக்கமும் சிங்கங்கள், அவற்றுக்கு மேலே மான்கள், உச்சியில் கழுகு. கிளைகளுக்கிடையே ஒரு கொடி ஓடி எல்லாவற்றையும் ஒன்றோடொன்று கட்டிப்போடுகிறது. முழுவதும் ஒரே தாளைக் கத்தியால் வெட்டிச் செய்தது. எங்கும் ஒட்டு இல்லை. பின்னால் நீலக் காகிதம் வைத்திருப்பதால், வெட்டி எடுத்த இடமெல்லாம் வானம்போலத் தெரிகிறது.

டொரொண்டோவில் பாதர்ஸ்ட் தெருவை ஒட்டிய அடுக்ககம் ஒன்றில் எட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். அந்தத் தெரு நெடுக யூதக் குடும்பங்கள் அதிகம். நான் மதுரைப் பக்கம். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் போடுவது தொழில். மேல்மாடி அம்மாவை முதலில் ‘மேடம்’ என்றுதான் கூப்பிட்டேன். “உங்கள் ஊரில் என் வயதுக்காரியை எப்படிக் கூப்பிடுவீர்கள்?” என்று கேட்டார். சொன்னேன். அன்றிலிருந்து அவர் எனக்குப் பாட்டி.

அந்தக் காகிதம் பாட்டியின் அப்பா வெட்டியது. கலீசியாவில், இன்றைக்கு உக்ரைனில் இருக்கும் கொலோமியா நகரத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். 1920களின் கடைசியில் கனடாவுக்கு வந்து, ஸ்படைனா தெருவில் தையல் வேலை பார்த்திருக்கிறார். இரவில் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுக் காகிதம் வெட்டுவாராம். “இதன் பெயர் மிஸ்ராஹ். கிழக்கு என்று அர்த்தம். எந்தப் பக்கம் திரும்பி நின்று ஜெபிக்க வேண்டும் என்று சுவர் சொல்ல வேண்டுமில்லையா, அதற்கு” என்றார் பாட்டி. ஒரு படம் திசைகாட்டியாக வேலை செய்யும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது. வரைந்தே பிழைப்பவளுக்கு அது கொஞ்சம் உறைக்கவும் செய்தது.

சிங்கமும் மானும் அலங்காரத்துக்காக வந்தவை என்று நினைத்திருந்தேன். அவை ஒரு வாக்கியம். ரபிகள் எனப்படும் யூத மத அறிஞர்களின் பழைய தொகுப்பான மிஷ்னாவில், ‘அவோத்’ பகுதியில் யூதா பென் தேமா என்பவர் சொன்னது: சிறுத்தையைப்போலத் துணிவாயிரு, கழுகைப்போல இலேசாயிரு, மானைப்போல விரைவாயிரு, சிங்கத்தைப்போல வலிமையாயிரு, பரலோகத்தில் இருக்கும் உன் தகப்பனின் சித்தத்தைச் செய்ய. கிழக்கு ஐரோப்பாவின் யூதக் காகித வெட்டுகளில் இந்த நான்கு விலங்குகளும் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் இதுதான். எழுத்துத் தெரிந்தவர் வாக்கியத்தை வாசிப்பார். பிள்ளைகள் விலங்கை வாசிப்பார்கள். பாட்டியின் அப்பாவுடைய தாளில் சிறுத்தை மட்டும் இல்லை. ஏன் என்று கேட்டேன். “அவருக்குச் சிறுத்தை வரையத் தெரியாது” என்றார்.

காகித வெட்டு யூதர்களிடம் பெரும்பாலும் ஆண்கள் செய்த வேலை. பாடசாலைப் பையன்களும் ஆசிரியர்களும், பாட்டியின் அப்பாவைப்போலப் பிழைப்புக்கு வேறு தொழில் பார்த்தவர்களும் செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் காகிதம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் இது வீடுவீடாகப் பரவியது. ஷாவுவோத் பண்டிகைக்கு ஜன்னலில் ஒட்ட வட்டவட்டமாகப் பூ வெட்டுவார்கள். அதை இத்திஷ் மொழியில் ‘ரோய்ஸலெக்’, சின்ன ரோஜாக்கள், என்பார்கள். பிள்ளை பெற்றவள் அறையில் தாயையும் சிசுவையும் காக்க 121ஆம் சங்கீதம் எழுதிய தாயத்துத் தாள் மாட்டுவார்கள். முழுக்க முழுக்க ஏழைகளின் கலை. ஒரு தாள், ஒரு கத்தி, ஒரு பலகை போதும்.

ஏழைகளின் கலை என்பதாலேயே மிச்சமும் குறைவு. வெள்ளிக் கிண்ணத்தைப் புதைத்து வைத்தால் தப்பும். சுவரில் ஆணியடித்து மாட்டிய தாளுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அந்த ஊர்களும் அந்த வீடுகளும் அந்த மனிதர்களும் 1940களில் அழிக்கப்பட்டபோது காகிதங்களும் கூடவே போயின. பாட்டியின் அப்பா ஊரில் மிச்சமிருந்த உறவினர்களில் ஒருவர்கூட உயிரோடு இல்லை. இதைப் பாட்டி ஒரே ஒருமுறை சொன்னார். நானும் திரும்பக் கேட்கவில்லை.

இந்தக் கலையின் தொடக்கமாகச் சொல்லப்படும் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 14ஆம் நூற்றாண்டு ஸ்பெயின். ரபி ஷெம் தோவ் என்ற கவிஞர் 1345இல் எபிரேயத்தில் ஒரு நூல் எழுதினார். பேனாவுக்கும் கத்தரிக்கோலுக்கும் இடையே நடக்கும் வாக்குவாதம்தான் அதன் பொருள். கடுங்குளிரில் அவருடைய மை உறைந்துபோகிறது. பேனா மறுத்துவிட்ட இடத்தில் அவர் கத்தரிக்கோலை எடுத்து, எழுத்துகளைத் தாளில் ஓட்டைகளாக வெட்டி எழுதுகிறார். மை இல்லாத எழுத்து. கண் எதை வாசிக்கிறதோ அது அங்கே இல்லை. சுற்றியிருக்கும் தாள்தான் இருக்கிறது.

எனக்கு இது முற்றிலும் அந்நியமான காட்சி இல்லை. சின்ன வயதில் பார்த்த தோல்பாவைக் கூத்தில் சீதையின் நகையெல்லாம் தோலில் குத்திய ஓட்டைகள்தான். பின்னால் விளக்கு ஏற்றினால் ஓட்டை அட்டிகையாகும்.

‘யூத மதத்தில் படமே கூடாதே, நீ எதை வைத்து வரையப் போகிறாய்?’ என்று நண்பர்கள் கேட்டார்கள். பத்துக் கட்டளைகளில் இரண்டாவது, விக்கிரகமும் சொரூபமும் உண்டாக்கி அவற்றை வணங்கக் கூடாது என்கிறது. அதே யாத்திராகமப் புத்தகத்தில் சில அதிகாரம் தள்ளிப் போனால், ஆராதனைக் கூடாரத்தையும் உடன்படிக்கைப் பெட்டியையும் விளக்குத்தண்டையும் செய்யப் பெசலெயேல் என்ற கைவினைஞனைக் கடவுளே பெயர் சொல்லி அழைக்கிறார். அவனுடைய பெயருக்குக் ‘கடவுளின் நிழலில்’ என்று பொருள். அவன் எப்படிப்பட்டவன் என்பதற்கு, ரபிகளின் விவாதத் தொகுப்பான தல்மூத் சொல்லும் விளக்கத்தை நான் என் மேசைக்கு எதிரே எழுதி ஒட்டியிருக்கிறேன்: வானமும் பூமியும் எந்த எழுத்துகளால் படைக்கப்பட்டனவோ, அந்த எழுத்துகளைச் சேர்க்கத் தெரிந்தவன் பெசலெயேல். எத்தனையோ மரபுகளில் ஓவியனைக் கண்ணால் புகழ்கிறார்கள், கையால் புகழ்கிறார்கள். எழுத்தறிவால் புகழ்ந்ததை நான் இங்கேதான் பார்த்தேன்.

அதன் பலன் அவர்களுடைய பழைய ஏடுகளில் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. 1008இல் கெய்ரோவில் எழுதி, இன்று செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நூலகத்தில் இருக்கும் எபிரேய வேத ஏட்டில், ஜமக்காளம்போல ஒரு பக்கம் உண்டு. நட்சத்திரமும் பின்னலும் போட்ட கோலம். கிட்டப் போனால் கோடுகள் கோடுகளே இல்லை. எறும்பு வரிசைபோல எழுத்துகள். 1300 வாக்கில் தெற்கு ஜெர்மனியில், மெனாஹேம் என்ற எழுத்தர் எழுதிய, பஸ்கா பண்டிகை இரவில் வாசிக்கும் நூல் இப்போது ஜெருசலேம் இஸ்ரேல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் யூதர்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் மனித உடல், பறவைத் தலை. தேவதூதர்களுக்கோ முகமே இல்லை, வெறும் வட்டம். அவை பறவைத் தலைகளா, சிங்கமும் கழுகும் கலந்த கற்பனை விலங்கின் தலைகளா என்று இன்னும் விவாதம் நடக்கிறது. எனக்கு அந்த வெற்று முகங்கள்தான் தூக்கத்தைக் கெடுத்தன. வரையாமல் விட்டதும் ஒரு முடிவு. யோசித்து எடுத்த முடிவு.

நானும் வெட்டலாமா என்று பாட்டியிடம் கேட்பதற்கு எனக்கு ஒரு வருடம் ஆயிற்று. நான் யூதப் பெண் இல்லை. அழிக்கப்பட்ட வீடுகளின் சுவரில் இருந்த ஒன்றை, அழகாயிருக்கிறதே என்று எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. மும்பையின் பெனே இஸ்ரேல் யூதச் சமூகத்தில் பிறந்து அமெரிக்காவில் வாழும் சியோனா பெஞ்சமின் என்ற ஓவியர், ஆபிரகாமின் மனைவி சாராளையும், ஆதாமின் முதல் மனைவி என்று யூதக் கதைகள் சொல்லும் லிலித்தையும் நீலத் தோலோடு வரைகிறார். இந்தியச் சிற்றோவிய மரபும் யூதக் கதையும் அவர் தாளில் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். அது அவருடைய சொந்த வீட்டுச் சங்கதி, பிறப்பிலேயே இரண்டும் அவருடையவை. எனக்கு அந்தப் பாத்தியதை இல்லை.

பாட்டி நிறைய நேரம் யோசித்துவிட்டு இரண்டு நிபந்தனை சொன்னார். “கடவுளின் பெயரை நான்கு எழுத்தில் எழுதாதே. எழுதினால் அந்தத் தாளைக் குப்பையில் போட முடியாது, புதைக்க வேண்டும். நீ நிறையக் கிழிக்கப் போகிறாய்.” இரண்டாவது: “முதலில் வாசி. வாசிக்காமல் வெட்டாதே.”

பெயர் எழுதிய தாளைப் புதைக்கும்வரை சேர்த்துவைக்கும் இடத்துக்கு கெனீஸா என்று பெயர். கெய்ரோவில் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தின் கெனீஸாவில் பல நூற்றாண்டுக் காகிதம் அப்படியே குவிந்து கிடந்தது. 1896–97இல் சாலமன் ஷெக்டர் அங்கிருந்து கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனவை மட்டும் ஏறக்குறைய 1,93,000 துண்டுகள். வேதமும் வழக்கும் கடிதமும் கடைக் கணக்குமாக எல்லாம் அதில் உண்டு. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஏடுகளும் உண்டு, பெரிய பெரிய எழுத்துகளில் வண்ணம் தீட்டியபடி. சுமார் ஆயிரம் வருடத்துக்கு முந்திய குழந்தைகள் புத்தகப் படம். என் தொழிலின் பாட்டன் வீடு என்று நான் நினைத்துக்கொள்வது அந்தத் துண்டுகளைத்தான்.

செவ்வாய்க்கிழமைகளில் வாசித்தோம். பாட்டி எபிரேயத்தில், நான் தமிழ் வேதாகமத்தில். ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தைப் பாட்டிதான் தேர்ந்தெடுத்தார். மகன் ஈசாக்கைப் பலியிடச் சொல்லி ஆபிரகாமுக்குக் கட்டளை வரும் கதை. கடைசி நொடியில் தூதன் தடுக்க, மகனுக்குப் பதில் ஓர் ஆட்டுக்கடா பலியாகிறது. யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் இரண்டாம் நாள் ஜெப ஆலயத்தில் இதை வாசிப்பார்கள்.

கடவுள் கூப்பிடும்போது ஆபிரகாம், ‘இதோ அடியேன்’ என்கிறான். மலைக்குப் போகும் வழியில் மகன் ‘என் தகப்பனே’ என்று கூப்பிடும்போது, ‘என் மகனே, இதோ இருக்கிறேன்’ என்கிறான். எபிரேயத்தில் இரண்டு இடத்திலும் ஒரே சொல்தான், ‘ஹினேனி’. கடவுளுக்குச் சொன்ன அதே சொல்லைத்தான் மகனுக்கும் சொல்கிறான். தமிழில் அதைச் சொல்ல முடியாது. யாருக்குச் சொல்கிறோம் என்று பார்த்துத்தான் நமக்கு வாய் திறக்கும். நான் இதைச் சொன்னதும் பாட்டி கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “அப்படியானால் உங்கள் மொழிபெயர்ப்பாளர் அந்த இடத்தில் ஒரு நொடி நின்று யோசித்திருக்கிறார். நாங்கள் வேகமாகக் கடந்துவிடுகிறோம்.”

பிறகு 19ஆம் வசனம் வந்தது. ஆபிரகாம் தன் வேலைக்காரரிடம் திரும்பிப் போகிறான். ஏறும்போது ‘இருவரும் கூடிப்போனார்கள்’ என்று இரண்டுமுறை சொன்ன கதை, இறங்கும்போது மகன் பெயரைச் சொல்லவில்லை. அடுத்த அதிகாரத்தின் முதல் வரியில் சாராள் நூற்றிருபத்தேழு வயதில் இறந்துபோகிறாள். ஆபிரகாம் பெயெர்செபாவில் குடியிருந்தான் என்கிறது ஒரு வசனம். அவள் இறந்தது எபிரோனில் என்கிறது இன்னொன்று. 22ஆம் அதிகாரம் முழுக்க அந்தத் தாய்க்கு ஒரு சொல்கூட இல்லை. மகனைக் கூட்டிக்கொண்டு போனதை அவளிடம் யார் சொன்னார்கள்? சொன்னார்களா?

இந்த இடைவெளியில்தான் ரபிகள் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்தப் பேச்சுக்குத்தான் மித்ராஷ் என்று பெயர். ஒரு மித்ராஷில் ஈசாக்கே திரும்பி வந்து அம்மாவிடம் நடந்ததைச் சொல்கிறான். இன்னொன்றில் தீய தூதன் வந்து சொல்கிறான். இரண்டிலும் அவள் அலறி, அலறி, உயிர் விடுகிறாள். புத்தாண்டு நாளில் ஆட்டுக்கடாக் கொம்பை ஊதுகிறார்களே, அந்த விம்மலும் நீட்டலும் சாராளின் அலறல்தான் என்கிறார்கள். கடாவின் கொம்பு, ஈசாக்குக்குப் பதிலாகப் பலியான கடாவை நினைவூட்டுவது. அதற்குள் அந்த அம்மாவின் குரலை வைத்தவர் யாராயிருந்தாலும், அவர் எனக்குப் பெரிய கலைஞர்.

என் தாளில் என்ன வெட்ட வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. எப்படி என்றுதான் தெரியவில்லை.

முன்னோர்கள் என்ன செய்தார்கள் என்று தேடினேன். இஸ்ரேலின் வடக்கே பேத் அல்ஃபாவில், 6ஆம் நூற்றாண்டு ஜெப ஆலயத்தின் தரை முழுக்கக் கல்பதித்த படம். 1928இன் கடைசியில் வாய்க்கால் வெட்டும்போது கிடைத்தது. மரியானோஸும் அவர் மகன் ஹனீனாவும் செய்தது என்று கல்வெட்டு சொல்கிறது. அப்பனும் மகனும் சேர்ந்து குனிந்து உட்கார்ந்து, ஓர் அப்பன் மகனைப் பலியிடப் போகும் படத்தைக் கல்கல்லாகப் பதித்திருக்கிறார்கள். ஈசாக்கு பொம்மைபோல அந்தரத்தில் தொங்குகிறான். மேலே ஒரு கை மட்டும். ‘நீட்டாதே’ என்று பக்கத்தில் எழுத்து. கடா மரத்தில் மாட்டியபடி செங்குத்தாக நிற்கிறது. கழுதையும் வேலைக்காரர்களும்கூட இருக்கிறார்கள். சாராள் இல்லை.

அதற்கும் முந்தியது துரா யூரோப்போஸ். சிரியாவில், யூப்ரடீஸ் கரையில் ஒரு கோட்டை நகரம். அங்கே 244–245இல் கட்டி முடித்த ஜெப ஆலயத்தின் நான்கு சுவரும் வேதக்கதை ஓவியங்கள். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் பாரசீகப் படை முற்றுகையிட வந்தது. மதிலைப் பலப்படுத்த ஊர்க்காரர்கள் அந்தத் தெருவையே மண் போட்டு நிரப்பினார்கள்; ஆலயமும் மூடுண்டது. அந்த மண்தான் காப்பாற்றியது. 1932இல் தோண்டியபோது வண்ணம் அப்படியே இருந்தது. இப்போது டமாஸ்கஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யூதர்கள் படம் போடமாட்டார்கள் என்று அதுவரை எழுதிவந்தவர்கள் எல்லாம் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

தோரா என்னும் வேதச் சுருளை வைக்கும் மாடத்துக்கு மேலே அதே பலிக் கதை. ஆபிரகாம் நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறான். பீடத்தின்மேல் ஈசாக்கு. அவர்களுக்கு மேலே மூலையில் ஒரு கூடாரம், அதன் வாசலில் சின்னதாக ஓர் உருவம். அதற்கும் முதுகுதான் தெரிகிறது. யார் அது? ஈசாக்கு என்பவர்கள் உண்டு, ஆபிரகாமே என்பவர்கள் உண்டு, சாராள் என்பவர்களும் உண்டு. புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி இரவெல்லாம் பார்த்தேன். எனக்கு அது சாராள்தான். ஆய்வாளர்களிடம் சண்டை போட என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் கூடார வாசலில் நின்றபடி மலையைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் அந்தக் கதையில் அவள்தானே.

இதை பாட்டியிடம் சொன்னபோது, “எங்கள் ஊர்ப் பக்கத்திலும் ஒரு கூடாரம் இருந்தது” என்றார். அப்பா சொல்லிக் கேட்டது. கொலோமியாவுக்கு அருகே க்வோஜ்ஜெட்ஸ் என்ற ஊரில் ஒரு மர ஜெப ஆலயம். 18ஆம் நூற்றாண்டில் அதன் உள்கூரையைக் கூடாரம்போல உயர்த்திக் கட்டி, பலகை தெரியாமல் வண்ணம் தீட்டினார்கள். ராசிகள், சிங்கம், யானை, தீக்கோழி, கொடி, நடுநடுவே பந்தி பந்தியாகப் பிரார்த்தனை எழுத்து. தீட்டியவர்களில் ஒருவர் இஸ்ரேல் பென் மொர்தெகாய் என்று தன் பெயரையும் எழுதிவைத்தார். போலந்து மண்ணில் இப்படி இருந்த மர ஆலயங்களில் ஏறக்குறைய எதுவும் தப்பவில்லை. இதுவும் தப்பவில்லை. எஞ்சியவை பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களும் அளவு வரைபடங்களும்தான். வண்ணத்துக்கு, 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இசிதோர் காஃப்மன் என்ற வியன்னா ஓவியர் அந்த ஆலயத்துக்குள் உட்கார்ந்து வரைந்த ஓவியம் துணையாகக் கிடைத்தது. நூற்றுக்கணக்கான தன்னார்வலர்கள் பழைய காலத்துக் கோடரியால் மரம் செதுக்கி, மண் நிறங்களைப் பிராணிப் பசையில் குழைத்து, அந்தக் கூரையை 85 விழுக்காடு அளவில் திரும்பச் செய்தார்கள். வார்சா போலின் அருங்காட்சியகத்தில் 2014இல் திறந்த நிரந்தரக் கண்காட்சியில் அது நிற்கிறது. தெரியாத நிறத்தைத் தெரிந்த நிறத்திலிருந்து ஊகித்து நிரப்பியிருக்கிறார்கள். அதையும் ஒருவகை மித்ராஷ் என்றுதான் சொல்வேன்.

அந்தக் கூரையின் மான்களைப் பார்த்தால் பாட்டி வீட்டு மான்கள் தெரியும். பின்னால் திரும்பிப் பார்க்கும் அதே கழுத்து.

கத்தி பிடிக்கக் கற்றதைச் சொல்லியாக வேண்டும். தாளை நடுவில் மடிக்க வேண்டும். பாதிப் படத்தை மட்டும் வரைந்து, பலகையில் நகராமல் குத்திவைத்து, இரண்டு அடுக்கையும் சேர்த்து வெட்ட வேண்டும். பாட்டி அப்பாவிடமிருந்து பாட்டிக்கு வந்த விதி: முதலில் உள்ளே இருக்கும் சின்னத் துளைகள், கடைசியில்தான் ஓரம். ஓரத்தை முதலில் வெட்டினால் தாளுக்குப் பலம் போய், உள்வேலையில் கிழியும். கத்தியைத் திருப்பக் கூடாது, தாளைத் திருப்ப வேண்டும். முதல் மாதம் பதினேழு மான்களுக்குக் கழுத்து அறுந்தது.

அதைவிடப் பெரிய தவறு எழுத்தில் நடந்தது. மடித்த தாளிலேயே ‘மிஸ்ராஹ்’ என்ற சொல்லையும் சேர்த்து வெட்டிவிட்டேன். விரித்தால் ஒரு பக்கம் சரியாக இருக்கிறது, மறுபக்கம் கண்ணாடியில் பார்த்ததுபோல இடம்வலம் மாறியிருக்கிறது. சிங்கத்துக்கு இடமும் வலமும் கிடையாது, எழுத்துக்கு உண்டு. பழைய தாள்களை மறுபடி போய்ப் பார்த்தேன். அவர்கள் விலங்கையும் கொடியையும் மடிப்பில் வெட்டி, விரித்த பிறகு எழுத்தைத் தனியாக எழுதியோ வெட்டியோ இருக்கிறார்கள். இத்தனை நாள் பார்த்தும் என் கண்ணில் படாதது.

போன டிசம்பரில் சாராளின் தாளைத் தொடங்கினேன். அகலவாக்கில் மலை, கழுதை, விறகு சுமக்கும் பையன், கத்தி வைத்திருக்கும் அப்பா. இவையெல்லாம் காகிதமாக நிற்கும். கூடாரமும் காகிதம். அதன் வாசலில் மட்டும் ஒரு பெண் அளவுக்கு, அவள் முதுகின் வடிவத்தில், ஓட்டை. வரையப்படாதவளை வரையாமலே வைக்க வேறு வழி எனக்குத் தோன்றவில்லை.

ஜெருசலேம் தல்மூதில் ஒரு வாசகம் உண்டு: தோரா வெள்ளை நெருப்பின்மேல் கறுப்பு நெருப்பால் எழுதப்பட்டது. கறுப்பு என்பது எழுத்து, வெள்ளை என்பது எழுத்துகளுக்கு நடுவே இருக்கும் இடம். அதுவும் நெருப்புதான், அதுவும் எரிகிறது. இதைப் படித்த அன்று என் மேசையில் கிடந்த தாளை நிமிர்த்தி ஜன்னலுக்கு எதிரே பிடித்தேன். பனி வெளிச்சத்தில் மலையும் மனிதர்களும் கறுத்துப்போனார்கள். வாசலில் நின்றவள் வெள்ளையாக எரிந்தாள்.

அடியில் மூன்று பெயர்களை எபிரேயத்தில் வைக்க நினைத்தேன். முதலில் எழுத்து காகிதமாக நிற்கும்படி வெட்டினேன். சாராள் எபிரேயத்தில் சாரா. ஷின், ரேஷ், ஹே என்று மூன்று எழுத்து. இந்த ஹே இருக்கிறதே, அதன் இடது கால் கூரையைத் தொடாது. நடுவே மயிரிழை இடைவெளி. காகிதத்தில் வெட்டினால் கால் பிடிப்பில்லாமல் உதிர்ந்துவிடும். சின்னப் பாலம் ஒன்று வைத்துக் கூரையோடு ஒட்டினேன். பாட்டி பார்த்த உடனே, “இது ஹே இல்லை, ஹேத். இவள் பெயரைக் கெடுத்துவிட்டாய்” என்றார். ஒரு மயிரிழை அடைந்ததால் எழுத்தே மாறிவிட்டது. அவள் பிறந்தபோது சாராய். கடவுள் கடைசி எழுத்தை எடுத்துவிட்டு ஹேயைக் கொடுத்த பிறகுதான் சாராள். அந்த ஹேயைத்தான் நான் கெடுத்திருந்தேன்.

சரி, எழுத்தையே ஓட்டையாக வெட்டலாம் என்று முடிவுசெய்தேன், ஷெம் தோவ் செய்ததுபோல. இரண்டாம் தாள். ஆபிரகாமில் தொடங்கினேன். ஆலெப், பேத், ரேஷ், ஹே எல்லாம் நன்றாக வந்தன. கடைசி எழுத்து மேம். சொல் இறுதியில் வரும்போது அது நான்கு பக்கமும் அடைத்த கட்டம். நான்காவது பக்கத்தை வெட்டியதும் நடுவிலிருந்த சதுரம் கழன்று மேசையில் விழுந்தது. எழுத்து இருந்த இடத்தில் வெறும் சதுர ஓட்டை. லாரியின் பின்பக்கத் தகட்டில் எழுத்து வெட்டி வண்ணம் அடிக்கும் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், சுழி உள்ள எழுத்தெல்லாம் இப்படித்தான் நடுவைக் கக்கும்.

பாட்டி அந்தச் சதுரத்தை விரல் நுனியில் ஒற்றி எடுத்தார். “அப்பாவுக்கும் விழும். விழும்போதெல்லாம் இதைச் சொல்லுவார்” என்று ஆரம்பித்தார். மோசே கொண்டுவந்த கற்பலகைகளில் எழுத்து இரண்டு பக்கமும் தெரியும்படி எழுதியிருந்தது என்கிறது யாத்திராகமம். அப்படியானால் கல்லில் ஊடுருவ வெட்டியிருக்க வேண்டும். ஊடுருவ வெட்டினால் அடைத்த எழுத்துகளின் நடு எப்படி நிற்கும்? தல்மூதில் ரவ் ஹிஸ்தா என்ற ரபி பதில் சொல்கிறார்: பலகைகளில் இருந்த மேமும், அதைப்போலவே அடைத்த எழுத்தான சாமெக்கும் அற்புதத்தால் நின்றன.

காகிதம் வெட்டும் எவரும் கேட்கக்கூடிய கேள்வி. அதை வேத விளக்கமாகக் கேட்டு, பதிலும் சொல்லி, பத்திரமாக எழுதிவைத்திருக்கிறார்கள். கத்தியை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யவில்லை நான்.

சதுரத்தைத் திரும்ப ஒட்டலாமா என்று கேட்டேன். “அப்பா ஒட்டமாட்டார்” என்றார் பாட்டி. “ஒட்டினால் ஒரே தாள் இல்லையே.” எனவே ஆபிரகாமின் கடைசி எழுத்து நடு இல்லாமலே இருக்கிறது. பிறகு ஈசாக்கு, அவன் பெயரில் அடைத்த எழுத்து இல்லை. கடைசியில் சாரா. ஷின்னின் மூன்று கிளைகள், ரேஷின் வளைவு, ஹேயின் கூரை, தனியாகக் கால். ஓட்டையாக வெட்டும்போது கூரைக்கும் காலுக்கும் நடுவே இருக்கும் அந்த மயிரிழைதான் காகிதம். தானாகவே நின்றது.

தாள் இப்போது பாட்டி வீட்டுச் சமையலறை ஜன்னலில் இருக்கிறது. பின்னால் நீலக் காகிதம் வைக்கவில்லை. குளிர்காலத்தில் மூன்றரை மணிக்கு வெயில் உள்ளே வந்து, மூன்று பெயரும் மேசைவிரிப்பில் விழும். அந்த ஜன்னல் மேற்குப் பார்த்தது. மாற்றி மாட்டட்டுமா என்று கேட்டேன். “இது மிஸ்ராஹ் இல்லையே, இங்கேயே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, பாட்டி தன் தேநீர்க் கோப்பையை ஹேயின் காலுக்கு மேலிருந்து நகர்த்தி வைத்தார்.